சபைக்கு ஆகாத சொல்

ஆடி 1, வியாழன்

கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கிரைண்டர் கழுவும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்ததில், மாவுக் கடை வேலை பாதி நின்று கிடக்கிறது. "தெனமும் கொஞ்சம் எழுதுங்கக்கா, வெரல் பழகும்" என்று ஆஸ்பத்திரிப் பெண் சொன்னாள். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு கையெழுத்து போட்டதுதான் என் எழுத்து. சிமெண்ட் கடையில் கொடுத்த டைரி பீரோவுக்கு மேலே சும்மா இருந்தது. எழுதுகிறேன்.

இன்று ஆடி நோம்பி. உடுமலையிலிருந்து மகள் சிந்துஜாவும் மாப்பிள்ளை மோகன்குமாரும் வந்தார்கள். கார்த்திகையில் கல்யாணம், இது தலை ஆடி. ஆடியில் புருசன் பெண்டாட்டி ஒன்றாக இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்து அவதிப்படும் என்று, பொண்ணை மாதம் முழுக்க அம்மா வீட்டில் நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கம். விருந்து போட்டு, துணிமணி எடுத்துக் கொடுத்து, மாப்பிள்ளையை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும். மாமியார்கள் வாயைத் திறக்கக் கிடைக்கும் நல்ல நாள். நான் விடுவேனா?

"ஏனுங் மாப்பிள்ளைங், ஒரு மாசம் தாங்குவீங்களா? செவுரேறிக் குதிச்சுப்போடாதீங்க, புதுசா நாய் வாங்கியிருக்கறோம்" என்றேன்.

விருந்துக்கு வந்த ஒறம்பரைச் சனம் எல்லாம் சிரித்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்தார். நல்ல பையன், கூச்சம் அதிகம். சாப்பிட்ட இலையை அவரே மடித்தார். அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். சிந்துஜா வாசல் வரைக்கும் போகவில்லை.

ஆடி 2, வெள்ளி

சிந்துஜா பகலெல்லாம் தூங்கினாள். நானும் எழுப்பவில்லை. பாவம், மாமியார் வீட்டில் தூங்க விட்டிருக்க மாட்டார்கள் என்று அவளுடைய அப்பாவிடம் சொல்லிக் கண்ணடித்தேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆடி 4, ஞாயிறு

மாவு வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் சிந்துஜாவிடம் ஒரே கேள்வி. "மாப்பிள்ளை போன் பண்ணுனாங்களா? அங்க தூக்கம் புடிக்குதாமா?" ஆரம்பித்து வைத்தது நான்தான். அவள் சிரித்தபடி மாவை அளந்து ஊற்றினாள். இரண்டு பேருக்குக் கூடுதலாக ஊற்றிவிட்டாள்.

பொழுதோட, விளக்கு வைக்கும் நேரத்தில், சம்பந்தி ருக்குமணியம்மா போன் செய்தார். எட்டு மாதம் ஆகியும் ஒன்றும் நிற்கவில்லையே என்று கவலையாம். ஆவணி முதல் தேதி அவர்களே வந்து கூட்டிப்போகிறார்களாம். அதே வாரத்தில் கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியாயிற்றாம். கர்ப்பப்பையைக் கழுவி விட்டால் உடனே நிற்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

"பண்ணிப்போடலாமுங் சம்பந்தி" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் சிந்துஜா பின்னால் நிற்கிறாள். போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி 6, செவ்வாய்

உளுந்து ஊறப் போட்டிருந்தேன். சிந்துஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் உடுமலைக்குப் போவலம்மா."

"ஆவணிக்கு இன்னும் நாள் கெடக்குது. அதுக்குள்ள என்ன?"

"ஆவணிக்கும் போவல."

நான் வழக்கம்போலத்தான் பேசினேன். "ஏங்கண்ணு, மாப்பிள்ளை ரொம்பத் தொந்தரவு பண்றாரா? மொத வருசம் அப்படித்தான். உங்கொப்பனே..."

"ம்மா. வாய மூடு."

மூடினேன். அவள் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசியில் உளுந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவுரு என்னய ஒருக்காக்கூட ஃபக் பண்ணுனதில்லம்மா."

"அப்படின்னா?"

"அதான்."

"தமிழ்ல சொல்லு சாமி."

"தமிழ்ல எனக்கு வார்த்த தெரியாது." எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எம்.காம் படித்த பெண்ணுக்குத் தமிழில் வார்த்தை தெரியாதாம். என்னவாக இருக்கும்? சினிமாவுக்குக் கூட்டிப்போவதா, பேங்கில் பேர் சேர்ப்பதா? உளுந்து கழுவுவதற்குள் நாலைந்து விதமாக யோசித்துவிட்டேன்.

ஆடி 7, புதன்

எதிர் மாடியில் இன்ஜினியரிங் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த வார்த்தையை அவர்கள் வாயில் கேட்ட ஞாபகம் இருந்ததால் காலையிலிருந்து காதை அந்தப் பக்கம் வைத்திருந்தேன். பைக் கிளம்பவில்லை, அந்த வார்த்தை. பைக் கிளம்பிவிட்டது, அப்போதும் அதே வார்த்தை. குழம்பு கொட்டியது. கிரிக்கெட்டில் ஜெயித்தார்கள். பரீட்சை தள்ளிப்போனது. எல்லாவற்றுக்கும் அதுதான். உப்பு மாதிரி எதிலும் போட்டுக்கொள்கிறார்கள்.

கண்ணாடி போட்ட பையன் மாவு வாங்க வந்தான். "ஏந்தம்பி, ஃபக்குன்னா என்ன?" என்று கேட்டேன்.

கையிலிருந்த தூக்குப் போசியைக் கீழே போட்டான். "ஆன்ட்டி! அது... சும்மா ஒரு வேகத்துக்குச் சொல்றதுங் ஆன்ட்டி."

"வேகத்துக்கா?"

"ஐயோ, அப்படி இல்லீங் ஆன்ட்டி." போசியை எடுத்துக்கொண்டு ஓடினான். மாவு இங்கேயே இருக்கிறது.

ஆடி 9, வெள்ளி

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஹெப்சிபா டீச்சர் மகளிர் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறவர். நாசரேத்துக்காரர். அவருக்கு ஒரு கிண்ணம் மாவு எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். டீச்சர் பதறவில்லை. கதவை மட்டும் சாத்தினார். "எக்கா, அதை எங்க கேட்டீங்க?"

"எதிர்ல பசங்க பேசிக்கிறாங்க." மகள் சொன்னதைச் சொல்லவில்லை.

டீச்சர் விளக்கினார். அது கெட்ட வார்த்தையாம். ஆணும் பெண்ணும் சேர்வதுதான் அதற்கு அர்த்தமாம். திட்டுவதற்கு, ஆச்சரியப்படுவதற்கு, சலித்துக்கொள்வதற்கு எல்லாம் அதையே இழுத்துக்கொள்கிறார்களாம். வகுப்பில் பாடம் எடுக்கிற மாதிரியே சொன்னார். நானும் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டேன்.

"எங்கிருந்து வந்த வார்த்தைங் டீச்சர்?"

"சரியா யாருக்கும் தெரியாதுக்கா. ராஜா போட்ட உத்தரவுலேருந்து வந்துச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. அது பொய். பக்கத்து நாட்டுப் பழைய மொழிகள்ல அதே மாதிரிச் சொல்லு இருக்கு. அடிக்கது, இடிக்கது, முன்னும் பின்னும் அசையுததுன்னு அர்த்தம். அதுக்குச் சொந்தக்கார வார்த்தையா இருக்கும்னு சொல்லுதாங்க."

"மாவு இடிக்கிற மாதிரிங்களா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "ஆமாக்கா. அப்படியும் வச்சுக்கலாம்."

அசிங்கம் என்று நூறு இருநூறு வருசம் டிக்சனரியில்கூட அதைச் சேர்க்காமல் வைத்திருந்தார்களாம்.

"அப்ப அத்தன வருசமும் அந்த வார்த்தைய எங்க வெச்சிருந்தாங்க?"

"எல்லாரு வாயிலயும்தான்" என்றார் டீச்சர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. படி இறங்கும்போது, பாதியில், செவ்வாய்க்கிழமை சிந்துஜா சொன்ன வாக்கியம் முழுசாக மனதில் வந்து நின்றது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "முட்டு வலியாக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஆடி 10, சனி

இன்று யாரையும் கேலி செய்யவில்லை. உடம்பு சரியில்லையா என்று எல்லாரும் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஆடி 12, திங்கள்

சிந்துஜாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன். முகம் பார்க்காமல் பேச அதுதான் வசதி. "டீச்சரம்மாகிட்ட அர்த்தம் கேட்டுப்போட்டேன்" என்றேன். அவள் தோள் இறங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. இவள் துணியைச் சேர்த்து மடித்து வைப்பார். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவார். கட்டிலில் அந்த ஓரமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். மாசியில் இவள் வெட்கத்தை விட்டு அவர் கையைப் பிடித்திருக்கிறாள். அவர் அழுதிருக்கிறார். அதற்கப்புறம் இவள் தொடவில்லை.

"எம்மேலதான் கொறைன்னு நெனச்சேன்ம்மா. குண்டா இருக்கறனோ, நாத்தமடிக்குதோன்னு ரெண்டு வேளை குளிச்சேன்."

என் கை நின்றுவிட்டது. எண்ணெய் அவள் காதோரம் வழிந்தது, துடைத்தேன். எட்டு மாதமாக அந்த வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் நான் என்னென்ன சொல்லிச் சிரித்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். எழுத வேண்டாம்.

ஆடி 14, புதன்

அதற்கு ஒரு மரியாதையான தமிழ் வார்த்தை வேண்டும். ஆவணி முதல் தேதி சம்பந்தி வீட்டார் வந்து உட்காரும் சபையில் சொல்லலாம்படி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு வார்த்தையே கிடையாது. "கதவச் சாத்திட்டியா?" என்று அவர் கேட்பார், அவ்வளவுதான். பகலில் பூனை வருகிறதே என்று அவர் அதையே கேட்டாலும் எனக்கு முகம் சிவந்துவிடும்.

மற்ற வீடுகளில் எப்படி என்று விசாரித்தேன். கேலி மாதிரிக் கேட்டதால் சொன்னார்கள். தையல்கார ராசாமணியக்கா வீட்டில் "காலு வலிக்குது, அமுக்கி வுடறியா?" பால்காரர் சம்சாரம் ரொம்ப நேரம் கெஞ்ச வைத்துவிட்டு, "எங்கூட்ல ரேடியோவ நிறுத்துவாருங்க்கா" என்றாள்.

எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒரு வீட்டுச் சொல் அடுத்த வீட்டுக்குச் செல்லாது. சபையில் போய் ரேடியோவை நிறுத்தவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆழியாற்றில் கூட்டம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தோம். சிந்துஜா தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் கிட்டுசாமியிடம் விஷயத்தைத் தொடங்கினேன்.

"ஏனுங், அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா இல்லையாமுங்."

"எப்படி இருப்பாங்க? ஆடிக்குன்னு நாமதான பிரிச்சுக் கூட்டியாந்திருக்கறோம்."

"ஆடிக்கு முன்னாலயும்."

"சண்டையா?"

"சண்டையில்லீங்." புளிச்சோற்றை உருட்டினேன். பிரித்தேன். "மாப்பிள்ளை கதவச் சாத்தறதே இல்லையாமுங்."

அவர் கையிலிருந்த சோறு அப்படியே இருந்தது. "எத்தன நாளா?" என்றார்.

"மொதல்ல இருந்தே."

எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில், அவள் மாதிரியே வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் நின்றார். இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம்.

ஆடி 20, செவ்வாய்

என் வீட்டுக்காரர் தன் அண்ணன் ஆறுச்சாமி மாமாவிடம் சொல்லியிருக்கிறார். கல்யாணத்தை முன்னின்று முடித்தவர் அவர்தான். இரண்டு வீட்டுக்கும் பெரியவர். இன்று வந்தார், காப்பி குடித்தார்.

"இதெல்லாம் சபைல பேசற விசயமில்ல துளசி. புள்ளைய அனுப்பி வெய்யி. நாள்போக்குல செரியாப் போகும்."

"ஆஸ்பத்திரில கழுவறதுக்கு நேரம் வாங்கியிருக்காங்ளே மாமா. அங்க கழுவறதுக்கு என்னங்க இருக்குது?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "பொம்பள பேசற பேச்சா இது?" என்று எழுந்து போய்விட்டார். காப்பி பாதி அப்படியே.

ஆடி 26, திங்கள்

மாவு நன்றாகப் பொங்கியது. சிந்துஜா பெட்டியில் துணி அடுக்குகிறாள்.

"எங்க?"

"உடுமலைக்கு. நான் போறேன்ம்மா."

"ஆஸ்பத்திரிக்கும் போறியா?"

"போறேன். மயக்க மருந்து குடுத்துதான பண்ணுவாங்க, தெரியாது. சபைன்னா முழிச்சிட்டு உக்காரணும். அத்தன பேரும் என்னயப் பாத்து, நடந்துச்சா நடக்கலையான்னு கேப்பாங்க. அப்பறம் ஊரெல்லாம் அதேதான் பேச்சு. நான் ரோட்டுல நடந்தா அதுதான் தெரியும்."

அவள் அடுக்குவதை நான் தடுக்கவில்லை. அவள் குளிக்கப் போன பிறகு எல்லாவற்றையும் எடுத்து மறுபடி பீரோவில் வைத்தேன். வலது கையால்தான் செய்தேன். வலித்தது.

ஆடி 27, செவ்வாய்

அவள் மறுபடி பெட்டியில் அடுக்கியிருக்கிறாள்.

ஆடி 31, சனி

சிந்துஜாவிடம் சொல்லிவிட்டேன். "நாளைக்கு நீ சபைக்கு வராத. டீச்சரம்மா ஊட்ல இரு. நான் கூப்புட்டா வந்தாப் போதும். நான் கூப்புட மாட்டேன்."

"நீ என்னம்மா சொல்லுவ?"

"தெரியல கண்ணு. வாய்ல வர்றது."

"உன் வாய்ல வர்றதுதான் பயமா இருக்குது" என்றாள். ரொம்ப நாள் கழித்து ஒரு கேலி. நல்ல கேலிதான்.

ஆவணி 1, ஞாயிறு

வந்தார்கள். சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, அவர்கள் பக்கத்தில் ஐந்தாறு பேர். எங்கள் பக்கம் ஆறுச்சாமி மாமாவும் நாங்களும். தட்டில் சேலை, பழம், பூ. கேசரி கொடுத்தேன். நன்றாயிருக்கிறது என்றார்கள். நெய் கொஞ்சம் கூடத்தான்.

"பொண்ணக் கூப்புடுங்க, நல்ல நேரம் முடியறதுக்குள்ள கெளம்பணும்" என்றார் சம்பந்தி.

"புள்ள வர்லீங் சம்பந்தி."

"ஏன்?"

எல்லா வார்த்தையையும் வரிசையாக முயற்சி செய்தேன். அவர்கள் சேர்ந்து வாழவில்லை என்றேன். "ஒரே ரூம்லதான இருக்காங்க" என்றார் சம்பந்தி. தாம்பத்தியம் இல்லை என்றேன். "அதுக்கு என்ன கொறை? ஏசியே மாட்டிக் குடுத்திருக்கறோம்." சாந்தி முகூர்த்தம் நடக்கவில்லை என்றேன். அதற்கு ஆறுச்சாமி மாமாவே வாயைத் திறந்தார். "நடந்துச்சே துளசி. நாந்தான நாள் பாத்துக் குடுத்தேன். பாலும் பழமும் வெச்சுத்தான உள்ள அனுப்புனீங்க." மடியில் சீர்த்தட்டை வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா மட்டும் என்னைப் பார்த்தது, பிறகு பழத்தைப் பார்த்தது.

புரியாமல் இல்லை. ஒருத்தர் புரிந்துகொண்டால் அடுத்தவர் பதில் சொல்ல வேண்டுமே. அறைக்குப் பேர் உண்டு, கட்டிலுக்கும் பாலுக்கும் பேர் உண்டு. எதைச் சொன்னாலும் அதற்குள் போய் ஒளிந்துகொண்டார்கள்.

"எல்லாம் ஆஸ்பத்திரில காட்டுனாச் செரியாயிரும். பொண்ணுக்குத்தான் ஏதோ கொறை" என்று சம்பந்தியம்மா எழுந்தார். "எங்க அவ? நானே கூட்டிக்கறேன்." மாடிப்படி பக்கம் திரும்பினார்.

"நில்லுங்க" என்றேன். "துளசி, உள்ள போ" என்றார் மாமா. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, "அவ பேசட்டுங்ண்ணா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அண்ணனை அவர் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொள்ளும் சொல் ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும். அதைத் திட்டுவதற்காக இல்லாமல், அதன் அர்த்தத்துக்காகவே எடுத்தேன். உங்கள் பையன் என் மகளை ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை என்று ஒரே வாக்கியமாகச் சொன்னேன். குரல் உயர்த்தவில்லை. கடைசியில் 'ங்க' சேர்த்தேன். சம்பந்தி அல்லவா.

கேசரித் தட்டு ஒன்று கவிழ்ந்தது. அந்த வார்த்தைக்குள் யாராலும் ஒளிய முடியவில்லை.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். வேர்த்திருந்தார். "அத்தை சொல்றது நெசந்தானுங். அவ மேல ஒரு கொறையும் இல்லீங். என்னால ஆகாதுங். பொண்ணுப் பாக்கறதுக்கு முன்னாலயே எங்கம்மாகிட்டச் சொன்னனுங். கல்யாணம் பண்ணுனாச் செரியாயிரும்னு சொல்லிப்போட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் என் பக்கம்தான் திரும்பினார்கள். "சபைல ஒரு பொம்பள பேசற வார்த்தையா?" "மாவுக்கடைக்காரி வாய் அப்படித்தான் இருக்கும்." "இந்த ஊட்ல பொண்ணெடுத்ததே தப்பு." மாப்பிள்ளை சொன்னது காதில் விழாதது போல, என்னைத் திட்டிக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மாப்பிள்ளை கடைசியாகப் போனார். வாசலில் நின்று என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

ஆவணி 2, திங்கள்

சிந்துஜா பெட்டியைக் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

ஆவணி 8, ஞாயிறு

மாப்பிள்ளை பிரிவுக்குச் சம்மதம் என்று போன் செய்தார். டீச்சருக்குத் தெரிந்த வக்கீலம்மாவிடம் வியாழக்கிழமை போகிறோம். ஆறுச்சாமி மாமா எங்கள் தெரு வழியாக வருவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். அவர் வீட்டு வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. மகனைப் பெற்ற வீடுகள் சிலது மாவை வேறு கடையில் வாங்குகின்றன.

ஊரெல்லாம் ஒரே பேச்சு. உடுமலைவரை போயிருக்கிறதாம். துளசிமணி சபையில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள் என்பதுதான் பேச்சு. எதற்காகச் சொன்னாள், யாரைப் பற்றிச் சொன்னாள் என்பது இரண்டு தெரு தாண்டுவதற்குள் உதிர்ந்துவிட்டது. சிந்துஜா நேற்று கடைவீதிக்குத் தனியாகப் போய்வந்தாள். "என்னய யாரும் ஒண்ணும் கேக்கலம்மா. உங்கம்மாளுக்கு ஏன் அப்படியொரு வாயின்னுதான் கேக்கறாங்க" என்றாள். "நீ என்ன சொன்ன?" என்றேன். "பொறவிலேயே அப்படித்தான்னு சொல்லிப்போட்டேன்" என்றாள். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

பொழுதோட மாவு வாங்க நாலு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். மாவு வாங்கியாயிற்று. நிற்கிறார்கள். ஒருத்தி மற்றவளை இடித்தாள். கடைசியில் ராசாமணியக்காதான் கேட்டது. "அப்படி என்னதான் துளசி சொன்ன? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"மறுக்காச் சொல்லிக் காட்டட்டுங்களாக்கா?" என்றேன்.

ஐயோ வேண்டாம் வேண்டாம் என்று நாலு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தரும் நகரவில்லை.